மலையில் மரம் இல்லாத இடம்

கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் குளிரைச் சொல்வார்கள், பனிமூட்டத்தைச் சொல்வார்கள், வரையாடு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றதைச் சொல்வார்கள். கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: "ஆனா அங்க ஒண்ணும் பெருசா இல்லைங்க." பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை விடும் பகுதியான ராஜமலையில் நடந்துகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் வந்த ஒருவர் இதையே சத்தமாகச் சொன்னார். "காடுன்னு சொன்னாங்க. எங்க பாத்தாலும் வெறும் புல்லு. மரத்தையே காணோமே." அவர் மனைவி, "சும்மா வாங்க, ஆடு வரும்" என்று சமாதானப்படுத்திக்கொண்டே நடந்தார். அந்த மனிதர் குரலில் கோபம் இல்லை. ஐந்தாம் மைல் நுழைவாயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று, வனத்துறைப் பேருந்தில் இடம்பிடித்து, குழந்தையைத் தோளில் சுமந்து வந்தவரின் உண்மையான ஏமாற்றம் அது. அதனால்தான் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் பல நாள் அவரோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

மலை என்றால் நம் மனதில் என்ன இருக்கிறது? அடர்ந்த மரம், அருவி, ஏறி நின்று படமெடுக்க ஓர் உச்சி. இந்த மூன்றும் இல்லாத சரிவு நமக்குக் கண்ணிலேயே படுவதில்லை. இது அந்த ஒருவரின் பார்வை மட்டுமல்ல. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக மேற்கு மலைகளின் உச்சியை ஆண்டவர்கள் எல்லோரும் இதே கண்ணோடுதான் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அந்தக் கணக்கையே தொடர்ந்தோம். மரமில்லாத இடத்தில் மரம் நடுவது நல்ல காரியம் என்று நம்பி, லட்சக்கணக்கான கன்றுகளை நட்டோம். அந்த நம்பிக்கைக்கு மலை கொடுத்த விலை என்ன என்பது தெரிந்தால், இந்தப் பூங்காக்களில் நடக்கிற நடையே வேறாகிவிடும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புல் ஏன் அங்கே இருக்கிறது

இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் நிற்கிறது. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலம் இது. 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. தேயிலை இங்கே ஏறாமல் போனதற்கு உயரமும் பனியும் ஒரு காரணம். சுற்றிலும் மலைகள் எல்லாம் கத்தரித்து வைத்த தேயிலையாக மாறியபோது, இந்த மேடு மட்டும் பழைய உருவத்தோடு தப்பித்தது.

அந்தப் பழைய உருவம் என்பது புல்லும் சோலையும் சேர்ந்தது. சரிவுகளிலும் முகடுகளிலும் புல். இரண்டு குன்றுகள் கூடும் மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில், குட்டை மரங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சோலை. ராஜமலைச் சாலையிலிருந்து பார்த்தால் சோலையின் விளிம்பு கோடு போட்டது போலத் தெரியும். இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் மரம், நடுவில் இரண்டுங்கெட்டான் நிலம் கிடையாது. மரம் ஏன் வெளியே வரவில்லை? முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் பனி உறைகிறது. சோலை மரத்தின் இளங்கன்று அதைத் தாங்காமல் கருகிவிடும். சோலைக்குள் மரக்கூரை இருப்பதால் அங்கே கன்று பிழைக்கிறது. தீயும் மேய்ச்சலும் இந்த எல்லையை நிலைநிறுத்தியதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. ஆனால் மனிதன் காட்டை அழித்ததால் வந்த புல் இது என்ற பழைய எண்ணம் நிற்கவில்லை. நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதில் படிந்திருந்த கரிமத் தடயங்களை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகள் 1993இல் வெளியிட்ட முடிவு, இந்த மலைமுகட்டுப் புல்லின் கதையை 20,000 ஆண்டுகள் வரை பின்னால் கொண்டுபோனது. இந்தப் புல், முதல் உழவனுக்கும் முந்தியது.

அதை நம்பியே வாழ்கிற உயிர்கள் இருப்பதும் அதற்குச் சான்று. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதற்குப் புல்லும் வேண்டும், துரத்தினால் தாவி ஒதுங்கச் செங்குத்துப் பாறையும் வேண்டும். 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் உலகம் முழுவதற்கும் 2,668 என்று வந்தது. இந்த மலைத்தொடரைத் தவிர அதற்கு வேறு வீடு கிடையாது. அதில் மிகப் பெரிய கூட்டம் இரவிகுளத்தில் இருக்கிறது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறிய பழுப்புப் பறவை இந்த உயரத்துப் புல்லில்தான் கூடு கட்டுகிறது. ஆனைமுடிப் பக்கத்தில், மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழ்கிற செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்றை 2010இல்தான் அறிவியல் உலகம் அறிந்துகொண்டது. ஈரமான புல்லிடுக்கில் குனிந்து பார்த்தால் அழுகண்ணிச் செடி, இலை நுனியில் பசைத்துளியோடு, பூச்சிக்காகக் காத்திருக்கும். "மரத்தையே காணோமே" என்று நாம் கடந்துபோன ஒன்றரை கிலோமீட்டரில் இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணி திரும்பும் இடத்தோடு ராஜமலைச் சாலை முடிவதில்லை. அது தொடர்ந்து பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, பெருமழையில் மலைச்சரிவு இடிந்து பெட்டிமுடித் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மாண்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர், பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள். நாம் காட்சி பார்க்க நடக்கும் பாதையில்தான் அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்தார்கள். அந்த வளைவில் நின்று எதிரே இருக்கும் மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. அந்த மலையை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடிவதில்லை.

சீகைக்குள் நடந்த ஒரு காலை

என் மனதில் இருந்த பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது இரவிகுளத்தில் அல்ல, நீலகிரியில். முக்குருத்தி தேசியப் பூங்காவின் விளிம்பில், அவலாஞ்சிப் பக்கம் வனத்துறை அனுமதியோடு ஒரு மலையேற்றம். சிறிய குழு. வழிகாட்டியாக வந்தவர் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். மற்ற நாட்களில் வனத்துறையில் தினக்கூலி வேலை. பேச்சு குறைவு. காலை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் வாயைத் திறப்பார்.

தொடக்கத்தில் பாதை சீகை மரங்களுக்குள் போனது. சீகைக்காய் அல்ல, ஆங்கிலத்தில் வாட்டில் என்று சொல்கிற மரம். நேராக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் நின்ற மரங்கள். இடையில் மூடுபனி புகுந்து, வெளிச்சம் சாய்வாக இறங்கியது. குழுவில் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இப்பதான் காட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார் ஒரு பெண். செல்பேசிகள் வெளியே வந்தன. அழகாகத்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சிறிது நேரம் கழித்துத்தான் புரிந்தது, பறவைச் சத்தம் அநேகமாக இல்லை. காலடியில் செடி இல்லை, உதிர்ந்த சருகும் குச்சியும் மட்டும். ஓடை என்று தெரிந்த ஒரு பள்ளத்தைக் கடந்தோம். அதில் கல் இருந்தது, சருகு இருந்தது, தண்ணீர் இல்லை. மழை முடிந்து நெடுநாள் ஆகவில்லை.

வழிகாட்டியிடம் கேட்டேன். "இது எந்த வருஷத்து மரம், அண்ணா?"

அவர் ஒரு மரத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா நட்டது சார் இதெல்லாம். கூலிக்கு. பாத்தி எடுத்து, கூடையில நாத்து சுமந்து வந்து, இந்தச் சரிவு பூரா நட்டாங்க. அப்ப இது எல்லாம் புல்லு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "நான் இப்ப அதையே பிடுங்குறேன். அதுவும் கூலிதான்."

பிறகு நெடுநேரம் நான் எதுவும் பேசவில்லை. ஒரே குடும்பம், ஒரே சரிவு, ஒரே அரசு. அப்பாவுக்கு நடுவதற்குச் சம்பளம், மகனுக்குப் பிடுங்குவதற்குச் சம்பளம். இடையில் அந்த மலை இழந்ததை எந்தக் கூலிப் பட்டியலிலும் எழுத இடமில்லை. சீகையை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆனால் பெரிய அளவில் புல்வெளிகளை மூடியது நம் காலத்தில்தான்: தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டு இழைக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் வேண்டும் என்று 1960களிலும் 70களிலும் நட்டுத் தள்ளினோம். கற்பூர மரம் என்று மலையில் சொல்கிற யூகலிப்டஸ், பைன், சீகை மூன்றும் சேர்ந்து புல்லைத் தின்றன. பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்தவர்கள், நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018இல் எழுதினார்கள். கொடைக்கானல் பைன் காட்டில் படமெடுக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அந்தப் படங்களில் நம் பின்னால் நிற்பது அந்த இழப்புதான்.

மேடேறி முடிந்ததும் சீகை சட்டென்று நின்றது. வெளியே புல். கண் கூசும் வெளிச்சம், காற்று, முகட்டிலிருந்து முகட்டுக்கு ஓடும் பச்சை. வழிகாட்டி பாதையோரம் ஒரு தாழ்வான இடத்தைக் காட்டி, "அங்க கால் வைக்காதீங்க, உள்ள போயிரும்" என்றார். பார்த்தால் சாதாரணப் புல்தரை. கைத்தடியை ஊன்றினால் முழங்கால் அளவு இறங்கியது, இழுத்தபோது துளையில் தண்ணீர் நிரம்பியது. கரிய சதுப்பு மண். மழையைப் பஞ்சுபோல் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் மாதங்களில் சொட்டுச் சொட்டாக விடும் மண். அதன் கீழ்முனையிலிருந்து ஒரு விரல் தடிமனில் ஓடை புறப்பட்டுச் சோலைக்குள் நுழைந்தது. சற்று முன் கடந்த வறண்ட பள்ளத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு மேடுதான்.

ஒரு காலைப் பொழுதில் கண்டதை வைத்து விதி எழுத மாட்டேன். ஆனால் இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அருகருகே இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றதில் ஒரு பகுதிக்குக் கற்பூர மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் நீரை அளந்தது. முதல் சுற்று மரம் வளர்ந்த பத்தாண்டில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பின் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டைத் தொட்டது. முக்குருத்தியிலிருந்து இறங்கும் பைக்காரா மாயாறாகிப் பவானியில் சேர்கிறது. இரவிகுளத்தின் கிழக்குச் சரிவில் பிறக்கும் பாம்பாறு அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலைப்பேட்டையிலும் தாராபுரத்திலும் கரூரிலும் பாயும் தண்ணீருக்கு ஆரம்பம், யாரோ ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்ன புல்.

இதற்குத் தீர்வு எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரோடு பிறகு வெகுநேரம் வாதிட்டேன். சீகையை வெட்டினால் அடுத்த மழையில் அதே இடத்தில் பத்து மடங்கு விதை முளைக்கிறது. தீப்பட்டால் இன்னும் வேகமாக. சில இடங்களில் சீகையின் நிழலில் சோலைக் கன்றுகளே தலையெடுத்திருக்கின்றன, அங்கே கோடரி போட்டால் சோலையும் போகும். எங்கே பிடுங்குவது, எங்கே விடுவது என்பதைச் சரிவு சரிவாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம்பிக்கை தரும் இடம் ஒன்று உண்டு: வட்டவடைக்குப் பக்கத்தில், ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில், தீயில் அழிந்த சீகைத் தோட்டத்தின் மேல் உள்ளூர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நாட்டுப்புல்லைக் கையால் நட்டு வளர்த்திருக்கிறார்கள். மரம் நடும் விழாவுக்குப் பழகிய நமக்கு, புல் நடும் வேலை எவ்வளவு பொறுமை கேட்பது என்று சொன்னாலும் புரிவது கடினம்.

எவ்வளவு தூரம் நடக்கலாம்

"ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு இவ்வளவு கெடுபிடியா? ஆனைமுடி ஏற விட்டால் என்ன?" மலையேறும் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. எனக்கு நடையில் தீராத ஆசை உண்டு, அவர்கள் ஏக்கம் தெரியும். ஆனாலும் ஆனைமுடி மூடியே இருக்கட்டும் என்பது என் கட்சி. சரிவுப் புல்லில் ஐம்பது பேர் ஒரே தடத்தில் நடந்தால் வேர் அறுந்து, மண் தெரிந்து, அடுத்த பருவமழையில் அந்தத் தடமே ஓடையாகிவிடும். மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழும் தவளைக்கு அந்தத் தடம் சின்ன விஷயம் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடுகிறது. பூங்காவை அப்போது மூடிவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு வரும்போது சமூக ஊடகங்களில் எழும் முணுமுணுப்பைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. பிறந்த சில வாரக் குட்டியோடு ஒரு தாய் நிம்மதியாக மேய, ஆண்டில் இரண்டு மாதம் நாம் ஒதுங்கி நிற்பது பெரிய தியாகமா?

அதே மாதங்களில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீரைக் கட்டிவைக்கும் அந்தப் புல், மார்ச் மாதம் காய்ந்து சரசரக்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிச் சரிவில் பற்றிய தீ, மலையேறப் போயிருந்த இளைஞர்களைச் சூழ்ந்துகொண்டது. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது தேசியப் பூங்கா அல்ல, ஆனால் அதே மலை, அதே புல். காற்று ஏறுமுகமாக வீசும்போது புல் தீ மனிதன் ஓடும் வேகத்தைவிட வேகமாக மேலேறும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு மலைவாசி உடன் வராமல் யாரும் அந்த உயரத்துக்குப் போகக் கூடாது என்று அன்றிலிருந்து நம்புகிறேன். அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அரசு முறைப்படித் திறந்தபோது, ஒவ்வொரு பாதைக்கும் உள்ளூர்ப் பழங்குடி, மலைக்கிராம இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள். கட்டணம் அதிகம் என்ற குறையில் நியாயம் உண்டு. மாணவர்களுக்கும் மலையடிவாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் வழிகாட்டி இல்லாமல் விடுங்கள் என்ற கோரிக்கையோடு என்னால் சேர முடியாது. என் கண்ணைத் திறந்தது ஒரு வழிகாட்டியின் இரண்டு வாக்கியம்.

அதனால் இரவிகுளத்தை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ராஜமலைச் சாலையில் வருகிறவர்களைப் பேருந்திலிருந்து இறக்கி அப்படியே நடக்க விடாமல், பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு முதுவர் பழங்குடி இளைஞர் ஒருவரை உடன் அனுப்புங்கள். அந்த மலைகளில் தலைமுறைகளாக வாழும் அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு சொன்னாலே போதும். நான் போனபோது கண்ணில் பட்ட பலகைகளில் எல்லாம் வரையாட்டுப் படம். அது தின்னும் புல்லுக்கு ஒரு பலகை வையுங்கள், எந்தப் புல்லை எந்த மாதம் மேய்கிறது என்று எழுதுங்கள். தூரத்துச் சோலையின் விளிம்பைக் காட்டி, பனி விழும் இரவில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்லட்டும். குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. அந்த ஆண்டு மூணாறுக்கு வரப்போகும் கூட்டத்தை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, நீலம் பார்க்க வந்தவர்கள் பச்சையை மிதித்துவிட்டுப் போவார்களோ என்று. வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதே தொடங்கினால், 2030இல் ஒவ்வொரு பேருந்துக்கும் ஓர் ஆள் கிடைப்பார்.